யார் போட்ட பிரேக்?

'பிரேக்கம்மாவை இன்னும் எத்தனை வாரம் கைத்தடியோடு கூடத்திலேயே நடக்க விடப்போகிறீர்கள்?' என்று ஒரு வாசகி கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் வேண்டாம் அம்மணி. இந்த வாரம் அவள் நடக்க மாட்டாள். ஓட்டுவாள்.

போன வாரம் அவளை வாசற்கதவுக்குப் பின்னால், சாவி மாட்டும் ஆணிக்கு எதிரே நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஆணி இருந்தது. சாவி இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரேக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்தது. பயிற்சி வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்கு வாத்தியார் பிரேக் என்று பெயர். முப்பது வருஷமாக அதை மிதித்து மிதித்தே வலது முழங்கால் தேய்ந்துபோனது என்பது அவள் கட்சி. வயதானால் தேயும் என்பது டாக்டர் கட்சி. எந்தக் கட்சி ஜெயித்ததோ, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு மூட்டைப் பொருத்தினார்கள். வாக்கர், கைத்தடி, படிக்கட்டு, அழுகை எல்லாம் ஒருவழியாக முடிந்தன. 'இனிமேல் நீங்கள் ஓட்டலாம். அவசரத்துக்குப் பிரேக் போட முடியும் என்று உங்களுக்கே நம்பிக்கை வந்த பிறகு' என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன மறுநாளே சாவி காணாமல் போயிருக்கிறது.

"ராத்திரி வீட்டுக்குத் திருடன் வந்தானா?" என்று பிரேக்கம்மா சத்தமாகக் கேட்டாள்.

மருமகள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தாள். "அத்தை, அது வந்து..."

"வந்தும் வேண்டாம், போயும் வேண்டாம். சாவி எங்க?"

"அவர் எடுத்துட்டுப் போயிட்டார். நாளைக்குக் காலைல புது வாத்தியார் சேர்றார் அத்தை. உங்க வண்டியைத்தான் அவருக்குக் குடுக்கப் போறார்."

"என் வண்டியையா?"

"உங்களுக்குக் கீழே ஆபீஸ்ல இடம் ரெடி பண்ணிட்டார். சுத்துற நாற்காலி. மேஜை மேல பலகைகூட வெச்சாச்சு, 'ஆலோசகர்'னு." சொல்லிவிட்டு மருமகள் ஒரு தலையணை உறைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மாடியில் வீடு, கீழே பயிற்சிப் பள்ளி. பள்ளியை ஆரம்பித்தவள் பிரேக்கம்மா. இப்போது நடத்துகிறவன் மகன். தொலைபேசியையும் வருகிறவர்களையும் சமாளிப்பவள் மருமகள். தான் கட்டிய வீட்டில் தனக்கே நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள் என்று பிரேக்கம்மாவுக்குக் கொதித்தது.

"நாற்காலி சுத்தும். நான் மட்டும் சுத்தக் கூடாது. அப்படித்தானே?"

"உங்க முட்டிக்காகத்தான் அத்தை."

"இந்த முட்டியும் வீட்டுக்கு வந்த புது மருமக மாதிரிதான். முதல்ல கொஞ்சம் விறைப்பா இருக்கும். போகப் போகப் பழகிடும்."

"நான் விறைப்பாவா இருந்தேன்?"

"நீ இன்னும் மடங்கவே இல்லையேடி" என்றாள் பிரேக்கம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தாலும் ஆணி காலியாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவள் கணவர் கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லைசென்ஸ் எடுக்க வருகிறவர்களுக்குக் கண்ணை அவர் பார்ப்பார், காலை அவள் பார்ப்பாள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. ஆனால் அவருக்கு மட்டும் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் பயிற்சி வண்டியில் ஒரே ஒரு நாள் கற்றுக்கொண்டார். அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் குடையோடு குறுக்கே ஓடிவந்தாள். கார் அவளுக்கு முன்னால் டக்கென்று நின்றது. 'இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? ஒரு நாள் ஓட்டினேன், ஒரு உயிரைக் காப்பாத்தினேன்' என்று அதோடு ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். கதையை மட்டும் விடவில்லை. கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்காமல் சொல்வார். முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண்ணுக்கே பல தடவை சொல்லியாகிவிட்டது. 'அந்தப் பொண்ணுக்கு இப்ப பிள்ளைங்க இருக்கும்' என்று முடிக்கும்போது ஒவ்வொரு தடவையும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

"நீங்களாவது உங்க பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்றாள் பிரேக்கம்மா அவரிடம்.

"நான் என்ன கேட்க, வாத்தியாரே? உங்க தொழில் வேற, என் தொழில் வேற." மனைவியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கேலியில் ஆரம்பித்தது, பழகிவிட்டது.

மகன் படியேறி வந்த சத்தம் கேட்டதும் பிரேக்கம்மா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"சாவியைக் குடு."

"அம்மா, டாக்டர் ஓட்டலாம்னுதான் சொன்னார். கத்துக்குடுக்கலாம்னு சொல்லலை."

"முதல்ல ஓட்டிக் காட்டுறேன். கத்துக்குடுக்குறதை அப்புறம் பேசலாம்."

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? உக்காந்த இடத்துல ராணி மாதிரி இரு."

"ராணியை உக்கார வெச்சுட்டு நாட்டை எவன் கையிலடா குடுக்கப் போறே?"

மகன் பெருமூச்சு விட்டான். கெட்ட பிள்ளை இல்லை அவன். ஆஸ்பத்திரியில் நாற்காலியிலேயே தூங்கியவன் அவன்தான். "அன்னைக்குப் படியில நீ தடுமாறினப்போ பிடிச்சது நான். கூப்பிட்ட நேரத்துக்கு அந்தக் கால் வரலைம்மா. வீட்டுப் படியில வராத கால் ரோட்டுல வருமா?"

அந்தக் கேள்வி அவளுக்கு உறைத்தது. அதே கேள்வியைத்தான் அவளும் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் மகன் வாயால் கேட்டபோது பயத்துக்குப் பதில் வீம்புதான் வந்தது.

"பாப்பா டெஸ்ட் வை" என்றாள்.

அந்தப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் பாப்பாவைத் தெரியும். பாப்பா ஒரு காலி அட்டைப்பெட்டி. பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தரையின் கோடியில் அதை வைத்துவிடுவாள் பிரேக்கம்மா. 'உள்ள ஒரு பாப்பா தூங்குதுன்னு நினைச்சுக்கோ' என்பாள். வண்டி வேகமாகப் போகும்போது திடீரென்று 'நில்லு' என்று கத்துவாள். பெட்டியைத் தொடாமல் நிறுத்துகிற வரை யாரையும் அவள் பெரிய சாலைக்குக் கூட்டிப்போனதில்லை. மகனையும் சேர்த்துத்தான்.

"தொடாம நிறுத்திட்டா, அந்த வண்டி எனக்கு. புது வாத்தியாருக்கு வேற பார்த்துக்கோ. தொட்டுட்டா, சத்தம் போடாம உன் நாற்காலில வந்து உக்கார்றேன்."

வேண்டாம் என்று மகன் மன்றாடிப் பார்த்தான். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். புது முழங்கால் வந்தபிறகு அவளுக்கு அது கைவந்த கலை.

கிடங்குக்குப் பின்னால் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தாள். பிசியோ பெண் சொல்லிக்கொடுத்த வழி அது. முதலில் பக்கவாட்டில் உட்கார வேண்டும், பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். பை வழுக்கிக் கொடுக்கும், முழங்கால் முறுக்கிக்கொள்ளாது. உள்ளே திரும்பியவள் காலை நீட்டினாள். பெடல் எட்டவில்லை. இருக்கை பின்னால் தள்ளியிருந்தது.

"யாருடா இதைத் தள்ளினது?"

மகன் பாப்பாவைக் கோடியில் வைக்கப் போனான். புது வாத்தியார் நெட்டையான ஆள் போலிருக்கிறது. நேற்றே வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பிரேக்கம்மா இருக்கையைத் தன் அளவுக்கு இழுத்துப் பூட்டினாள். அந்தச் சத்தத்தில் அவள் கோபம் முழுவதும் இருந்தது.

மகன் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்தது. கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் அவளை மறக்காமல் இருந்தன. ஒரு சுற்று வந்தாள், மறு சுற்று வந்தாள். முழங்கால் மடங்கும்போது உள்ளே பட்டையைக் கட்டி இழுப்பது போல இருந்தது. வலி என்று சொல்ல முடியாது, பிடிமானம். அதையும் சேர்த்தே ஓட்டினாள். வலிக்கிறதா என்று கேட்ட மகனைப் 'பேசாம வா' என்று அடக்கினாள்.

பிறகு பெட்டியை நேராகப் பார்த்து வேகத்தைக் கூட்டினாள். பாப்பா பெரிதாகிக்கொண்டே வந்தது.

"நில்லு" என்று மகன் கத்தினான்.

வண்டி நின்றது. பெட்டிக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம். அவ்வளவு இடைவெளி.

"சூப்பர்மா. நீதான் போட்டே" என்றான் மகன். சொல்லும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரேக்கம்மாவின் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. முகம் சுண்டிப்போனது.

இந்த இடத்தில் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாத்தியார் பிரேக்கை மிதித்தால் ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கும். இரண்டும் ஒரே கம்பியில் கட்டியவை. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது புரியாது. வண்டி நின்றதும் வெலவெலத்துப்போய், 'நானா போட்டேன், நீங்களா?' என்று கேட்பார்கள். நான்தான் என்று உண்மையைச் சொன்னால் பயந்துபோய் மறுநாள் வரமாட்டார்கள். அதனால் அந்தக் கேள்விக்குப் பிரேக்கம்மாவிடம் முப்பது வருஷமாக ஒரே பதில்: 'நீதான் போட்டே.' மகன் தொழிலுக்கு வந்தபோது அவனுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காதே, ஜன்னல் வழியாக வெளியே பார், மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும் என்றும் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் கால் போய்ச் சேரும்போது பெடல் ஏற்கெனவே கீழே இருந்தது. காலுக்குக் கிடைத்தது மிதித்து முடித்த பிரேக்.

"எனக்கே காதுல பூ சுத்துறியா?" என்றாள் மெதுவாக.

"என்னம்மா?"

"நீ போட்ட பிரேக் இது. நான் சொல்லிக்குடுத்த பொய்யை என்கிட்டயே சொல்றே. ஜன்னலைப் பார்த்துக்கிட்டு."

மகன் ஜன்னலிலிருந்து திரும்பினான். "கால் தானா போயிடுச்சும்மா. பெட்டி கிட்ட வருது, உன் கால் வருமான்னு தெரியலை. நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்?" என்றான்.

"போட்டது சரி. பொய் எதுக்கு?"

"உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு ஆசையா ஓட்டிக்கிட்டு வந்தே. சரி, ஜெயிச்சதாவே இருக்கட்டும். வண்டியை வெச்சுக்கோ. நீ ஓட்டுறப்ப எல்லாம் நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

எவ்வளவு சுலபம் பாருங்கள். தலையை ஆட்டிவிட்டால் போதும். வண்டி அவளுக்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை. புது வாத்தியாருக்கு வேறு வண்டி. வேறு யாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"எனக்குப் பிச்சை வேண்டாம்" என்றாள் பிரேக்கம்மா. "நாளைக்கு ஊரான் வீட்டுப் பிள்ளையைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கப் போறவ நான். என் கால் நேரத்துக்குப் போகுமா, போகாதான்னு எனக்குத் தெரியணும். நீ கீழ இறங்கு. நான் தனியாப் போட்டுப் பார்க்கிறேன்."

"முட்டி வீங்கியிருக்கு. இன்னைக்குப் போதும்."

"இறங்குடா."

அவன் இறங்கவில்லை. கையை நீட்டிச் சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தன் வண்டியில், தன் மகன் பக்கத்தில், நகர முடியாமல் உட்கார்ந்திருந்தாள் பிரேக்கம்மா. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

மதியச் சாப்பாட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலில் ஐஸ் பையைக் கட்டியிருந்தாள். சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்த கண்ணாடிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன ஆச்சு, டெஸ்ட்டு?"

"உங்க பிள்ளை எனக்குப் பாஸ் போட்டுட்டான்" என்றாள் பிரேக்கம்மா. "அவனே பிரேக்கைப் போட்டுட்டு, நீதான் போட்டேன்னு என்கிட்டயே சொல்றான். பச்சைப் பிள்ளையை ஏமாத்துற மாதிரி."

"நீ சொல்லிக்குடுத்ததுதானேம்மா" என்றான் மகன் தட்டைப் பார்த்தபடி. "யார் கேட்டாலும் நீதான் போட்டேன்னு சொல்லணும்னு."

"அது புதுசா வர்றவங்களுக்கு. பயந்தவங்களுக்கு."

கண்ணாடிக்காரரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவியா?"

"ஆமா. முதல் நாள் யாருக்குக் கால் சரியாப் போகும்? எல்லாருக்கும் நான்தான் போடுவேன்" என்றாள் அவள், கோபத்தில் யோசிக்காமல்.

மருமகளுக்கு முதலில் புரிந்தது. அவள் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தண்ணீர் எடுத்துவர எழுந்து போனாள். மகனுக்குக் கொஞ்சம் கழித்துப் புரிந்தது. பிரேக்கம்மாவுக்கு அப்போது தன் முழங்காலைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

கண்ணாடிக்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு கடைக்குப் போனார்.

சாயங்காலம் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தார். மகன் இன்னொரு வண்டியில் யாருக்கோ கற்றுக்கொடுக்கப் போயிருந்தான். பிரேக்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே நின்றிருந்த தன் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலையில் நெட்டை வாத்தியார் இருக்கையைப் பின்னால் தள்ளுவார். அந்தச் சத்தம் இப்போதே அவள் காதில் கேட்டது.

கண்ணாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். திறந்து பார்த்தாள். உள்ளே வண்டியின் மாற்றுச் சாவி இருந்தது.

"இது எப்படி உங்ககிட்ட?"

"சாவியை உள்ளயே வெச்சுப் பூட்டிட்டு எத்தனை தடவை எனக்குப் போன் பண்ணியிருக்கே? ஒண்ணு கையில இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்." அவர் கைத்தடியை எடுத்து நீட்டினார். "கிளம்பு, வாத்தியாரே."

கீழே மருமகள் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் யாரும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "நான் எதையும் பார்க்கலை அத்தை. இந்தப் பையை மறந்துட்டுப் போறீங்க" என்று பிளாஸ்டிக் பையை மேஜை மேல் தள்ளினாள்.

சிமெண்டுத் தரையில் நிழல் நீண்டிருந்தது. கண்ணாடிக்காரர் பாப்பாவைக் கோடியில் வைத்துவிட்டு வந்து பக்கத்து இருக்கையில் ஏறினார். செருப்பைக் கழற்றினார். கால் இரண்டையும் தூக்கி இருக்கை மேல் சம்மணம் போட்டுக்கொண்டு பெல்ட்டை மாட்டினார்.

"என்ன இது?"

"எனக்கு மடங்குது, காட்டிக்கிறேன்" என்றார். பிறகு சிரிக்காமல், "உன் காலை உன்கிட்டயே விட்டுட்டேன். நீ போடலைன்னா வண்டி நிக்காது" என்றார்.

முதல் ஓட்டம். வேகம் பிடித்தாள். "நில்லு" என்றார் அவர். அவள் மிதித்தாள். வண்டி நின்றது, ஆனால் நிற்பதற்கு முன்னால் டொப்பென்று ஒரு சத்தம். பெட்டி எகிறிப் போய்த் தரையில் உருண்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீதான் போட்டே" என்றார் கண்ணாடிக்காரர். "ஆனா லேட்டு."

முப்பது வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. கேட்கக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் கிடைத்த பாராட்டைவிட இதில் காலை ஊன்ற இடம் இருந்தது. லேட்டு என்றால் ஏன் லேட்டு? தன்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு ஆளைப் பார்ப்பது போலத் தன் காலைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அந்த முழங்காலிடம் அனுமதி கேட்டுக் கேட்டே பழகியிருந்தாள். மடங்கட்டுமா, நிமிரட்டுமா, வலிக்குமா என்று. பெடலுக்குப் போகும்போதும் கால் ஒரு கணம் நின்று அவளைக் கேட்டது. அந்த ஒரு கணத்தில்தான் பெட்டி போனது.

"போய்ப் பாப்பாவை வெச்சுட்டு வாங்க" என்றாள்.

அவர் இறங்கிப்போய் நசுங்கிய மூலையை நீவிவிட்டுப் பெட்டியை நிறுத்தி வைத்தார். திரும்பி வந்து மறுபடியும் சம்மணம் போட்டார்.

இந்தத் தடவை அவள் முழங்காலிடம் எதையும் கேட்கவில்லை. வலித்தால் வலிக்கட்டும். நீ புதுசு, நான் பழசு, இந்த வண்டியில் நான் சொல்கிறதுதான் நடக்கும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினாள். அவர் வழக்கமான இடம் வரை காத்திருக்கவில்லை. முன்னாலேயே, அவள் எதிர்பார்க்காத இடத்தில், "நில்லு" என்று கத்தினார்.

கால் போய்விட்டது. அவளுக்குத் தெரிவதற்கு முன்பே போய்விட்டது. டயர்கள் கிறீச்சிட்டன, பெல்ட் நெஞ்சில் அழுத்தியது, அவர் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

பெட்டி தூரத்தில் அசையாமல் நின்றது.

ஒரு தடவை நின்றால் அது தற்செயல் என்று மாணவர்களுக்குச் சொல்பவள் அவள். அதனால் மறுபடியும் போட்டாள். அதற்கப்புறமும் போட்டாள். ஒவ்வொரு தடவையும் ஓரக்கண்ணால் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அவர் கால் மடித்தது மடித்தபடியே இருந்தது. கடைசித் தடவை நின்றபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து நாம் பார்க்கவில்லை.

கிடங்குச் சுவரோரம் மகன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. மருமகள் பார்க்காததை அவனிடம் சொல்லிவிட்டாள் போல. நடந்து வந்து ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தான். அப்பாவின் சம்மணத்தைப் பார்த்தான். அவன் கண் பக்கத்து பிரேக்குக்குப் போனது. அதன் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது.

"எல்லாமே அம்மாவா?"

"முதல்ல ஒண்ணு பெட்டியில பட்டுச்சு. அதுவும் அவதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"இன்னும் கத்துக்குடுக்க வரலை" என்றாள் பிரேக்கம்மா. "பக்கத்து சீட்டுல உக்காந்து அந்த பிரேக்கையும் போட்டுப் பார்த்துட்டுத்தான் பிள்ளைங்களை ஏத்துவேன். ஆனா வண்டி என்னோடது. நாற்காலியைத் தூக்கிடு."

மகன் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். "புது வாத்தியாருக்குப் போன் பண்ணு. நாளைக்கு என் வண்டியை எடுத்துக்கச் சொல்லு. ஆமா, என்னோடதைத்தான். அம்மா வண்டி கிடையாது." போனைப் பையில் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை போடும்மா. நான் பின்னால உக்காந்து பார்க்கிறேன். பாப்பாவை நேரா வெச்சுட்டு வர்றேன்" என்று கோடியை நோக்கி நடந்தான்.

வண்டிக்குள் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். கண்ணாடிக்காரர் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே."

"ம்."

"அன்னைக்கு, குடையோட ஒரு பொண்ணு ஓடி வந்துச்சே." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்ப பிரேக் போட்டது நானா, நீயா?"

மதியம் தான் சொன்னது பிரேக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாருக்கும் நான்தான் போடுவேன் என்றிருந்தாள். கல்யாண வீடுகள், துக்க வீடுகள், பிசியோ பெண், பெயர் தெரியாத அந்தக் குடைக்காரப் பெண்ணின் பிள்ளைகள் என்று எல்லாம் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் நின்றன.

பழகிய பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பத் தொடங்கியது.

பாதியில் நிறுத்தினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.